பென்சிலினைத் தின்னும் கிருமிகள்

பென்சிலின் ஊசி எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். முதலில் கையில் துளி மருந்தைக் குத்தி, தடிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் முழு ஊசி. அந்த மருந்தின் பழைய கதை ஒன்றை இன்று சொல்கிறேன்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் கிருமித் தொற்றால் சாகக் கிடந்தார். பென்சிலின் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, பசியும் எடுத்தது. ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. பென்சிலினில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் சிறுநீரோடு அப்படியே வெளியேறிவிடும். அதனால் அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

இதற்குச் சில வாரங்கள் முன்பு, 1940 டிசம்பரில், அதே குழுவின் ஆபிரகாமும் செயினும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவில் பென்சிலினை அழிக்கும் நொதி இருக்கிறது என்றார்கள். அதற்குப் பென்சிலினேஸ் என்று பெயர். பென்சிலின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான வளையம் ஒன்று உண்டு. மருந்தின் பலமே அதில்தான். நொதி அந்த வளையத்தை உடைத்துவிட்டால், பிறகு அது மருந்தில்லை.

உடைப்பதோடு நிற்பதில்லை. 2008இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் 11 இடங்களின் மண்ணை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக்கை மட்டுமே உணவாக வைத்தார்கள். சோதித்த 18 மருந்துகளிலும் ஏதாவதொன்று வளர்ந்தது என்று அறிவித்தார்கள். 2018இல் வளையத்தை உடைத்து, மிச்சத்தைத் துண்டாக்கித் தின்னும் வழியும் தெரியவந்தது.

மண் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. மண்ணில் கழிவை அழிக்கும் அதே வகை நொதி, நோய்க்கிருமியிடம் இருந்தால் நோயாளிக்குப் போட்ட ஊசியை வீணாக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை அவ்வளவு சுலபமாகச் சிதைவதும் இல்லை. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், சிகிச்சை பெறுபவரின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக அந்த மருந்து இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு உயிருக்காகச் சிறுநீரிலிருந்து மீட்ட மருந்து அது. நாமோ இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போடுகிறோம். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீந்துபோனால் தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.