வெள்ளறை பக்கத்துல ஒரு நாள்: மாட்டுத்தாவணியிலிருந்து அரிட்டாபட்டி

ஸ்பெயின் போயிட்டு வந்த நண்பர் ஒருத்தர் போட்டோவா அனுப்பித் தள்ளிட்டார். மலை மேல வெள்ளை வெளேர்னு வீடுங்க, ஜன்னல்ல பூந்தொட்டி. அதுல செத்தெனீல்னு ஒரு ஊர். பெரிய பாறை முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது, அதையே கூரையா வச்சு, முன்பக்கம் மட்டும் சுவர் எழுப்பி சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. 1484 வரைக்கும் முஸ்லிம்கள் கையில இருந்த ஊர், அப்புறம் காஸ்தீல் படை பிடிச்சது. "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு உண்டா?"ன்னு கடைசியில ஒரு கேள்வி வேற.

இருக்குய்யா. மாட்டுத்தாவணியில பஸ் ஏறினா சுமார் 25 கிலோமீட்டர். வெள்ளை மட்டும்தான் கிடையாது. (அதுலயும் ஒரு சேதி இருக்கு, பின்னால வர்றேன்.)

முதல்ல மாட்டுத்தாவணி. வெளியூர் மக்கள் இந்தப் பேரைக் கேட்டதும் சிரிப்பாங்க, மாட்டுக்கு எதுக்குய்யா தாவணின்னு. பாவாடை தாவணி இல்லீங்க இது. தாவணின்னா மாடுகளை வரிசையாக் கட்டுற கயிறு, அதுலேர்ந்து மாட்டுச் சந்தைக்கே அந்தப் பேர் வந்தது. சந்தை நடந்த பக்கம் 1999-ல பஸ் ஸ்டாண்ட் வந்தது. எம்.ஜி.ஆர். பேரெல்லாம் வச்சாச்சு, ஆனா கண்டக்டர் வாயில இன்னிக்கும் மாட்டுத்தாவணிதான்.

மேலூர் பஸ்ல ஏறி உட்கார்ந்தா ஒத்தக்கடையில யானைமலை வரும். படுத்திருக்குற யானை மாதிரி ஒரே கல். 2010 வாக்குல இதைக் குடைஞ்சு சிற்ப நகரம் ஆக்கலாம்னு ஒரு திட்டம் கிளம்பி, சுத்துப்பட்டு ஜனங்க எதிர்த்ததுல அது கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஆரம்பிச்ச 'பசுமைநடை' அந்தச் சூட்டுல முளைச்சதுதான். மதுரையைச் சுத்தி இருக்குற சமண மலைகளுக்கு மாசாமாசம் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் ஐயா மாதிரி ஆட்களை மலையடிவாரத்துலயே பேச வச்சாங்க. கல்வெட்டுன்னா வாத்தியார் சமாச்சாரம்னு ஒதுங்கிப் போன நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய வாசல்.

மேலூர்ல இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சா அரிட்டாபட்டி. ஊரைச் சுத்தி ஏழு குன்று. பெரிய குன்றுக்குக் கழிஞ்சமலைன்னு பேர். கீழே கண்மாய், வயல், பனைமரம். ஊர் வாசல்ல உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, கல்லு பாக்க வந்தீகளா? அந்தா தெரியுது பாருங்க, அப்படியே மேக்கால போங்க"ன்னு வழி சொன்னார். இந்த ஊர்ல 'கல்லு'ன்னு சொல்றப்போ குரல்ல ஒரு பாசம் இருக்கு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பாறை முன்னால நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு குகை. அதோட நெத்தியில நீளமா ஒரு கோடு வெட்டியிருக்கு. மழைத்தண்ணி உள்ளே வழியாம விளிம்புலயே சொட்டிப் போறதுக்கான காடி அது. அதை ஒட்டி தமிழ்ப் பிராமி எழுத்து. வயசு சுமார் 2200. சேதி சின்னதுதான்: நெல்வெளியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன்னு ஒருத்தன் இந்தக் குகையைக் கொடுத்தான். 2003-ல இன்னொரு கல்வெட்டும் கிடைச்சது. அதுல இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன்னு ஒருத்தன் கொடுத்ததா இருக்கு.

இங்கதான் எனக்குக் கொஞ்ச நேரம் கால் நகரலை. நெல்வெளிங்கிறது திருநெல்வேலி, இலஞ்சிங்கிறது குத்தாலத்துப் பக்கத்து இலஞ்சின்னு அறிஞர்கள் சொல்றாங்க. அது சரின்னா, பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்துல, நூறு மைல் தள்ளி இருந்த ஆளுங்க, மதுரைக்கு வடக்கே ஒரு பொட்டல் குன்றுல யாரோ துறவிங்க வெயில் மழை படாமப் படுக்கறதுக்காகக் கல்லை வெட்டிக் கொடுத்திருக்காங்க. அரசன் பேர் இல்லை, போர் இல்லை, பட்டம் இல்லை. ஊர்ப் பேரு, அப்பன் பேரு, தன் பேரு, கொடுத்த பொருள். அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சரித்திரத்துல ராஜா ராஜாவா மனப்பாடம் பண்ணின நமக்கு இது புதுசு.

ராஜா பேரும் வேணும்னா பக்கத்துலயே மாங்குளம் மீனாட்சிபுரம் மலை இருக்கு. அங்க உள்ள கல்வெட்டுகளை 1882-ல ராபர்ட் சீவெல் பார்த்துச் சொன்னார். ஆனா என்ன எழுதியிருக்குன்னு ரொம்ப நாளைக்குப் பிடிபடலை. பிராமி எழுத்துன்னா வடக்கத்தி மொழியாத்தான் இருக்கும்ங்கிற நினைப்பு. 1924-ல கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ்னு எடுத்துக் காட்டினார். 1965-ல ஐராவதம் மகாதேவன் அதுல நெடுஞ்செழியன்ங்கிற பேரை அடையாளம் கண்டார். சங்கப் பாட்டுல மட்டும் கேட்ட பேர், கல்லுல! கணி நந்திங்கிற துறவிக்கு நெடுஞ்செழியனோட ஆளுங்க செஞ்சு கொடுத்த தானம் அது.

அதே மலையில வெள்ளறை நிகமத்தோர்ங்கிற வணிகர் கூட்டமும் தானம் கொடுத்திருக்கு. நிகமம்னா வியாபாரிகள் சங்கம். வெள்ளறைங்கிறது பக்கத்துல இருக்குற வெள்ளரிப்பட்டின்னு சொல்றாங்க. பழந்தமிழ்ல அறைன்னா பாறை. ஆக வெள்ளறைன்னா வெள்ளைப் பாறை. நண்பருக்குப் பதில் எழுதிட்டேன்: உங்க ஸ்பெயின்காரன் வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையாக்குறான், நம்ம ஊருக்குப் பேரே வெள்ளைதான் :-)

(சுண்ணாம்புன்னு சொல்லும்போது ஒரு வயித்தெரிச்சல். நம்ம கோயில்கள்ல திருப்பணிங்கிற பேர்ல வெள்ளையடிச்சே எத்தனை கல்வெட்டு, எத்தனை ஓவியம் மறைஞ்சு போச்சுன்னு கணக்கே இல்லை. இந்தக் குகைகளுக்கு யாரும் திருப்பணி பண்ணாததே பாக்கியம்.)

பிராமிக்கு ஆயிரம் வருஷம் கழிச்சும் இந்த மலை காலியாகலை. பாறையில தீர்த்தங்கரர் சிலை ஒண்ணு, மேலே முக்குடை. கீழே வட்டெழுத்துல அச்சணந்தி செய்விச்சதுன்னு இருக்கு, மலைக்குத் திருப்பிணையன் மலைன்னும் ஒரு பேர் வருது. 9, 10-ம் நூற்றாண்டு வாக்குல இந்த அச்சணந்தி மதுரைப் பக்கம் ஆரம்பிச்சு குமரி மாவட்டச் சிதறால் வரைக்கும் சிலை செய்ய வச்சிருக்கார். கடகடன்னு நடந்திருப்பார் போல மனுஷன்.

மலையோட இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். அங்க பிள்ளையார் இருக்கார், அது சரி. கூடவே லகுலீசர்! கையில தடி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குற பாசுபத சைவ குரு. சொந்த ஊர் குஜராத் பக்கம். தமிழ்நாட்டுல இவர் சிலை ரொம்ப அபூர்வம். குஜராத்து குருவும் சமண முனியும் ஒரே குன்றுல இருக்காங்க. இவங்களுக்குள்ள சண்டையா சமாதானமான்னு கல்லு சொல்லலை. ஒருத்தர் சிலையை இன்னொருத்தர் உடைக்கலைங்கிறது மட்டும் கண்ணுக்குத் தெரியுது.

இப்போ பெரியவர் குரல் விஷயம். மேலூர் வட்டாரத்துல கிரானைட் என்ன பாடு படுத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கீழவளவு பக்கம் போனா கேக் வெட்டின மாதிரி மலை நிக்கும். 2012-ல கலெக்டரா இருந்த சகாயம் அனுப்பின அறிக்கையும், பின்னால 2014-ல உயர்நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னதும் பேப்பர்ல வந்த கதை. அரிட்டாபட்டிக்காரங்க தங்க குன்றை அதுக்கு முன்னாலேயே மறிச்சுக் காப்பாத்திட்டாங்க. 2022 நவம்பர்ல இங்கயும் மீனாட்சிபுரத்துலயுமா சுமார் 193 ஹெக்டேரை தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது. லகர் வல்லூறு, தேவாங்கு, அலங்குன்னு பெரிய பட்டியல் இருக்கு. (நான் பார்த்தது மயிலும் மாடும்.)

சரி, நிம்மதின்னு இருந்தா, 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு இடி. 2015 ஹெக்டேர், ஏலம் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க். பாரம்பரியத் தலமே அந்த எல்லைக்குள்ள! மத்திய, மாநில அரசுகள் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினாங்க. டிசம்பர் 9-ம் தேதி சட்டசபையில எதிர்ப்புத் தீர்மானம் வந்தது. ஆனா என்னைக் கேட்டா, கதையை மாத்தினது 2025 ஜனவரி 7. நரசிங்கம்பட்டியில கிளம்பி தல்லாகுளம் தபாலாபீஸ் வரைக்கும் பல்லாயிரம் ஜனம் நடந்தது. மேலூர்ல கடையெல்லாம் அடைப்பு. வயசான அம்மாக்கள் வெயில்ல நடந்ததை டிவியில பார்த்திருப்பீங்க. ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிச்சு.

குகையை விட்டு இறங்கி வர்ற வழியில டீக்கடையில ஒரு அக்கா சொன்னாங்க: "பல்பு இழைக்கு டங்ஸ்டன் வேணுமாம்ல தம்பி. எங்க வயலை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுலயே விளக்கு எரிப்பாகளாக்கும்?" டீக்கு எட்டு ரூபா வாங்கிக்கிட்டாங்க, வடைக்கு வாங்கலை.

போறவங்க காலையில ஆறரைக்குள்ள மேலூர்ல இறங்கிடுங்க, பத்து மணிக்கு மேல பாறை கொதிக்கும். தண்ணி கையில இருக்கட்டும். செருப்பைக் குகைக்கு வெளியில விடுங்க. மாங்குளத்தை அதே நாள்ல சேர்க்காதீங்க. அது ஏத்தம், தனியா ஒரு நாள் கேட்கும்.