சளி பிடிக்க லீவு போட்டவங்க

மூக்கில் வைரஸை விட்டுக்கறதுக்குன்னே லீவு போட்டுட்டுப் போன ஆட்கள் இருந்தாங்கன்னா நம்புவீங்களா மக்களே? இங்கிலாந்தில் சால்ஸ்பரி பக்கத்தில், 1946-ல் ஆரம்பிச்ச ஜலதோஷ ஆராய்ச்சி நிலையம். பத்து நாள் தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் காசு. பதிலுக்கு மூக்கில் சில சொட்டு, அவ்ளோதான். ஓசியில் ஹனிமூன் கொண்டாட வந்த ஜோடிகளும் உண்டாம்!

மனிதர்களிடம் முதன்முதலா அகப்பட்ட கொரோனா வைரஸ்களில் ஒண்ணு, டேவிட் டிரெல் குழு 1965-ல் அறிவிச்ச பி814, இங்கே சிக்கினதுதான். 1990-ல் வெளிவந்த இவங்க ஆய்வு ஒண்ணில், 15 பேருக்கு 229ஈ வைரஸ் கொடுத்தாங்க. 10 பேருக்குத்தான் தொற்று. மிச்ச அஞ்சு பேர் எப்படித் தப்பிச்சாங்க? பழைய ஆன்டிபாடி ஒரு காரணம். சரி, உடம்பு பார்த்தே இராத புது வைரஸா இருந்தா?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம். 1957, லண்டன் மில் ஹில். அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் ரெண்டு பேரும் சூடாக்கிச் செயலிழக்க வெச்ச ஃப்ளூ வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் போட்டாங்க. அதிலிருந்து கசிஞ்ச ஏதோ ஒண்ணு, புதுச் சவ்வையும் வைரஸிடமிருந்து காப்பாத்துச்சு. அதுதான் இன்டர்ஃபெரான். நம்பாதவங்க 'மிஸ்இன்டர்பிரெட்டான்'னு நக்கலடிச்சாங்க. (பின்னூட்டக் கும்மி அப்பவே இருந்திருக்கு!) ஐசக்ஸ் 1967-ல், 45 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார். பிற்பாடு சால்ஸ்பரியில் இதையே மூக்கில் தெளிச்சுப் பார்த்தப்போ கொரோனா சளியைத் தடுத்துச்சு. ஆனா முன்கூட்டியே அடிச்சிருக்கணும். ரொம்ப நாள் அடிச்சா மூக்கு புண்ணாகும்.

நிற்க. 2021-ல் லண்டனில் 18 முதல் 29 வயசுக்காரங்க மூக்கில் கோவிட் வைரஸையே விட்டாங்க. அதுவரை தொற்றோ தடுப்பூசியோ இல்லாதவங்க. அதில் 16 பேரின் செல்களை ஒவ்வொண்ணா ஆராய்ஞ்ச கட்டுரை 2024-ல் வந்துச்சு. ஆறு பேருக்குத் தொற்று நிலைச்சது, மூணு பேருக்கு வந்த வேகத்தில் போச்சு, ஏழு பேருக்கு ஒட்டவே இல்லை. அந்த மூணு பேருக்கு முதல் நாளே நோயெதிர்ப்பு செல்கள் மூக்கில் ஆஜர். ஆறு பேருக்கோ அஞ்சாம் நாள்தான்! அதைவிட விசித்திரம், இன்டர்ஃபெரான் சமிக்ஞை மூக்கில் தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்தில் தெரிஞ்சுது. ரிசப்ஷனில் தீ, அலாரம் சர்வர் ரூமில்.

அந்த அலாரம் வேலையே செய்யலைன்னா? 2020-ல் வந்த ஓர் ஆய்வில், கோவிட் முத்தி உயிருக்குப் போராடின 987 பேரில் 101 பேருக்கு, தன்னோட இன்டர்ஃபெரானையே முடக்கற ஆன்டிபாடி உடம்பில் இருந்துச்சு. அதில் 95 பேர் ஆண்கள்.