கணக்கின் தடம்: பழைய கால்குலேட்டர் ஆர்வலர்களின் தேர்வு

போளூர் கடைவீதியில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சாமையும் புளியும் வாங்கும் மண்டி ஒன்றில், கணக்கர் தம் பழைய கால்குலேட்டரை விட மறுத்ததைக் கண்டேன். பொத்தான்களில் எண்கள் பாதி அழிந்திருந்தன. புதியது பக்கத்திலேயே உறை பிரிக்காமல் கிடந்தது. பழையதில் ‘செக்’ பொத்தானை அழுத்தினால், போட்ட எண்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கலாம் என்பதே அவர் சொன்ன காரணம்.

பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்களின் விருப்பத்துக்கும் இதுவே திறவுகோல் என்பது என் முடிபு. விடை எல்லாக் கருவியிலும் ஒன்றுதான். வந்த வழியை எது காட்டுகிறதோ அதன்மேல் மனம் நிற்கிறது. விலையும் அரிதான தன்மையும் அதற்குப் பிறகே.

சுவீடனின் ஃபேசிட் நிறுவனத்தை நம் தட்டச்சுப் பயிலகங்கள் நன்கறியும். சென்னை பெருங்குடியில் அதன் தட்டச்சுப் பொறிகள் உருவாயின. அந்நிறுவனம் 1932இல் பத்து விசைகள் கொண்ட கணக்குப் பொறியைக் கொண்டுவந்தது. 347 கிலோ சாமை, கிலோ 26 ரூபாய் என்று கொள்வோம். 347ஐப் பதித்து, ஒன்றாம் இடத்தில் கைப்பிடியை 6 முறை சுழற்றி, பத்தாம் இடத்துக்கு நகர்த்தி 2 முறை சுழற்ற வேண்டும். பதித்த 347, சுழற்றிய 26, விடை 9022 மூன்றும் ஒருசேரக் கண்முன் நிற்கும். கை தவறி 7 முறை சுழற்றியிருந்தால் 27 என்று காட்டிக்கொடுக்கும்; ஒரு சுற்றுப் பின்னோக்கிச் சுழற்றினால் போதும். வகுத்தலில் அளவு மீறிக் கழித்ததும் மணி அடிக்கும். இந்த மணிக்காகவே இவ்வகைப் பொறியை வாங்குவோரை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன்.

இதே மூன்று எண்களையும் உள்ளங்கைக்குள் காட்டியது கர்டா என்ற சிறு கணக்குப் பொறி. அதை வடிவமைத்த குர்ட் ஹெர்ட்ஸ்டார்க், புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது அதன் வரைபடங்களைத் தீட்டினார். 1948 முதல் லீக்டன்ஸ்டைனில் சுமார் 1,40,000 கருவிகள் தயாராயின. சேகரிப்போர் இதை விரும்பித் தேடுகிறார்கள்.

1970களில் மின்னணுக் கால்குலேட்டர்கள் பரவியதும் தடம் மறைந்தது. அடுத்த எண்ணைத் தட்டினால் முந்தையது திரையிலிருந்து போய்விடும். ஃபேசிட்டின் வணிகமும் அப்போதே சரிந்தது. இந்தியாவில் டிசிஎம் நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவிலிருந்து வெளியேறிய ஷிவ் நாடாரும் நண்பர்களும் மைக்ரோகாம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கால்குலேட்டர் விற்றார்கள்; 1976இல் எச்.சி.எல். நிறுவனம் பிறந்தது. தொழில் வரலாற்றில் அக்கருவிகளுக்கு இடமுண்டு. ஆனால் ஒற்றை எண் காட்டும் அக்காலப் பெட்டிகளை ஏங்கித் தேடுபவர் குறைவு.

விதிவிலக்கு, 1972இல் 395 டாலருக்கு வந்த எச்.பி.-35 கால்குலேட்டர். அதன் திரையிலும் ஓர் எண்தான். ஆனால் உள்ளே நான்கு எண்கள் அடுக்காக இருக்கும். ஒரு பொத்தானால் அவற்றைச் சுழற்றிப் பார்க்கலாம்.

நம் பொறியியல் மாணவர்கள் கைமாற்றிக்கொண்ட கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ், மேல்வரியில் கோவையையும் கீழ்வரியில் விடையையும் காட்டி, தொலைந்த தடத்தை மீட்டது. கடைக் கால்குலேட்டரில் அந்த வேலையை ‘செக்’ செய்கிறது. போளூர்க் கணக்கர் அன்று புளிக் கணக்கில் அதை அழுத்தி, பதினோராவது மூட்டையின் எடை இருமுறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார்.