அய்யாவின் கணக்கு நோட்டில் இல்லாத கூலி

நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பழைய நண்பர்கள் சிலர் போன் போட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். மிளகாய் விற்ற காசில் படித்தவன் என்பதுதான் எனக்கும் மிளகாய்க்கும் உள்ள தொடர்பு. அந்த வாழ்த்து யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதுகுளத்தூரை ஒட்டிய ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அது ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். சட்டத்துக்குப் பிறகு அய்யா பெயரில் பட்டா வந்தது. கண்மாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் நஞ்சை, மேட்டில் இரண்டு ஏக்கர் புஞ்சை.

பட்டா வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. எங்கள் பக்கம் குண்டாறும், அதிலிருந்து சேதுபதி மன்னர்கள் வெட்டிய ரெகுநாத காவேரியும் உண்டு. இரண்டிலும் மழைக்காலத்தில்தான் தண்ணீரைப் பார்க்கலாம். ஆவணி கடைசியில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல் மட்டும்தான்.

ஆகவே நெல் வயிற்றுக்கு, மிளகாய் கைச்செலவுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். துணிமணி, மருந்து, கல்யாணம், வட்டி எல்லாம் மிளகாய்க் காசுதான். புரட்டாசியில் விதைத்தால் தை கடைசியிலிருந்து சித்திரை வரை பழம் எடுக்கலாம். மழை முன்கூட்டியே நின்றுவிட்டால் ஊருணியிலிருந்து குடத்தில் சுமந்து வந்து செடிக்குச் செடி ஊற்ற வேண்டும். நாலு மூடை பழம் காய்ந்தால் ஒரு மூடை வத்தல்தான் தேறும்.

கஷ்டம் மட்டும் என்று சொன்னால் பொய். பழம் காயும் நாட்களில் இரவுக் காவலுக்குக் குடும்பமே களத்தில் படுக்கும். நிலா வெளிச்சத்தில் களம் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும். ஆத்தா கருவாட்டுக் குழம்பும் கம்பஞ்சோறும் கொண்டு வருவாள். அய்யா அவருடைய சின்ன வயதுக் கதையைச் சொல்வார். அக்கா மட்டும் பாதிக் கதையிலேயே தூங்கிவிடுவாள். அன்று பகல் முழுக்கக் குனிந்து பழம் எடுத்தவள் அவள்தான்.

அக்கா ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மாசி மாதத்தில் களத்தில் கிடந்த பழத்தின் மேல் இரண்டு நாள் மழை பிடித்துக் கொண்டது. நிறம் வெளுத்து அத்தனையும் சண்டு வத்தலாகிவிட்டது. பரமக்குடி கமிஷன் கடையில் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. காமராசர் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடே போட்டார்கள். படிப்புக்காகப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆனால் அக்கா பள்ளிக்கூடம் போனால் பழம் எடுக்கக் கூலிக்கு ஒரு ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க அவளை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. 1969ல் மதுரையில் பி.யு.சி. சேர்ந்தேன்.

அய்யா காலமான பிறகு அவருடைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாம் எழுதியிருக்கிறார். விதை, எரு, வண்டி வாடகை, சாக்கு, பழம் எடுக்க வந்தவர்களுக்குக் கூலி, எனக்கு அனுப்பிய மணியார்டர், அதற்கான கமிஷன்கூட. ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் கூலி என்று ஒரு காசு எந்தப் பக்கத்திலும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் எழுதியிருப்பார். வீட்டு ஆள் என்பதால் எழுதத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் எல்லா வருஷமும் நஷ்டக் கணக்காகத்தான் முடிந்திருக்கும். அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்த எனக்கு, அன்றுதான் சிறு விவசாயம் எதனால் தாக்குப்பிடித்தது என்று புரிந்தது.

அந்தப் புஞ்சையில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் வேண்டாம், வருமானம் வந்துவிடும்.

புவிசார் குறியீடு செய்தியை அக்காவிடம் நானே போய் வாசித்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டிவிட்டாள்.

"நம்ம மொளகாய்க்கு இப்பத்தான் பேர் வச்சாகளா?" என்றாள்.

நோட்டு விஷயத்தையும் சொன்னேன். உன் கூலியை யாரும் எழுதவில்லையே அக்கா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"கூலி கெடக்கட்டும் தம்பி. அந்த ரெண்டு நாளு மழை பெய்யாம இருந்திருந்தா நானும் ஆறாப்புப் போயிருப்பேன்ல" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அய்யாவின் நோட்டில் கடைசிப் பக்கம் வெற்றாக இருந்தது. அதில் அக்காவின் பெயரையும் ஆத்தாவின் பெயரையும் எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு பழைய நோட்டு இருந்தால், யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.