கோப்புறை மரக் காட்சி

கோப்புறை மரக் காட்சி என்பது கணினியிலுள்ள கோப்புறைகளை, எது எதற்குள் அடங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியுமாறு, ஒரே பட்டியலில் படிப்படியாக உள்தள்ளிக் காட்டும் முறை. மேசைக் கணினிகளின் கோப்பு மேலாளர்களில் இது பெரும்பாலும் சாளரத்தின் இடப்பக்கத்தில் குறுகிய பலகமாக அமைகிறது. அதில் ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருப்பவை வலப்பக்கப் பலகத்தில் தெரியும். 1985இல் டாஸ் கணினிகளுக்காக வந்த எக்ஸ்ட்ரீ இம்முறையைப் பரவலாக்கியது. விண்டோஸ் 3.0, விண்டோஸ் 95 ஆகியவை இதைப் பெருவாரியான மக்களின் அன்றாடப் பழக்கமாக்கின. பிற்காலத்தில் வடிவமைப்பாளர்கள் பலர் இதைச் சிக்கலானது எனக் கருதி மறைத்தார்கள், சிலர் நீக்கினார்கள். ஆனாலும் அமைப்புத் தெரிவாகவோ கிளை மென்பொருளாகவோ இது திரும்பத் திரும்ப மீண்டு வந்திருக்கிறது.

அமைப்பும் இயக்கமும்

மரத்தின் வேர் பட்டியலின் உச்சியில் இருக்கும். கிளைகள் அதற்குக் கீழே வலப்புறம் தள்ளி அமையும். உட்கோப்புறைகள் உள்ள ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு குறி உண்டு: பழைய விண்டோஸில் கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட பெட்டி, மேக்கின்டாஷிலும் பிற்கால விண்டோஸிலும் முக்கோணம் அல்லது அம்பு. அதைச் சொடுக்கினால் கிளை விரியும், மீண்டும் சொடுக்கினால் மடங்கும். விசைப்பலகையில் வலது அம்பு கிளையை விரிக்கும், இடது அம்பு மடக்கும்.

விரித்துக் காட்டுவது எளிதாகத் தோன்றினாலும் அதற்குப் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. ஒரு கோப்புறைக்குள் வேறு கோப்புறைகள் உண்டா என்று தெரிய வேண்டுமானால் வட்டிலிருந்து அதைப் படித்தாக வேண்டும். வேகம் குறைந்த வட்டுகளின் காலத்தில் மரம் முழுவதையும் படிக்கப் பயனர் காத்திருக்க நேர்ந்தது. அதனால் பல மென்பொருள்கள், பயனர் ஒரு கிளையை விரிக்கும் வேளையில் மட்டும் அதன் உட்பிரிவுகளைப் படிக்கும் வழிக்கு வந்தன. விண்டோஸ் 3.1இல், விரியக்கூடிய கிளைகளுக்குக் கூட்டல் குறி இடுவதே தனியாகத் தெரிவு செய்ய வேண்டிய வசதியாக இருந்தது.

முன்வரலாறு

திரையில் மரம் வருவதற்கு முன்பே வட்டில் மரம் வந்துவிட்டது. 1965இல் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான கோப்பு முறைமையை விளக்கி ஆர். சி. டேலியும் பி. ஜி. நியூமனும் எழுதிய கட்டுரை, கோப்பகத்துக்குள் கோப்பகம் எனப் பல மட்டங்களுக்குச் செல்லும் அமைப்பை முன்வைத்தது. பல பயனர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவருடைய கோப்புகள் இன்னொருவருடையவற்றோடு கலக்காமல் இருக்கவும், ஒரே பெயரை இருவர் தங்கள் தங்கள் பகுதியில் வைத்துக்கொள்ளவும் இந்த ஏற்பாடு உதவியது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இக்கருத்தை எளிமையாக்கிப் பரப்பியது.

தனிநபர் கணினிகளில் இந்த அமைப்பு பிந்தித்தான் வந்தது. ஃபிளாப்பி வட்டில் அடங்கும் சில பத்துக் கோப்புகளுக்கு ஒரே பட்டியல் போதுமானதாக இருந்தது. 1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் கொண்ட பிசி எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0 உட்கோப்பகங்களை அறிமுகம் செய்தது. முந்தைய பதிப்பிலேயே சாய்கோடு கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்கப் பயன்பட்டு வந்ததால், பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பழக்கம் இன்றும் விண்டோஸில் நிலைத்திருக்கிறது. டாஸ் 2.0இல் 'ட்ரீ' என்ற கட்டளையும் இருந்தது. அது கோப்பகங்களின் அமைப்பைத் திரையில் எழுதிக் காட்டியது. ஆனால் அந்தப் பட்டியலில் நகரவோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் வேலை செய்யவோ இயலாது.

எக்ஸ்ட்ரீ

காட்டப்பட்ட மரத்தையே வேலை செய்யும் களமாக்கியது எக்ஸ்ட்ரீ. கலிஃபோர்னியாவின் எக்ஸிகியூட்டிவ் சிஸ்டம்ஸ் நிறுவனம் இதை 1985 ஏப்ரலில் வெளியிட்டது. வட்டில் நுழைந்ததும் அது கோப்பகங்கள் அனைத்தையும் படித்து, மரமாகத் திரையில் வரைந்தது. அம்பு விசைகளால் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு நகரலாம். நகர நகர அந்தக் கோப்பகத்தின் கோப்புகள் கீழே ஒரு பெட்டியில் மாறிக்கொண்டே வரும். கோப்புகளைக் குறியிட்டு ஒன்றாக நகலெடுக்கலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம். முன்பு இவை எல்லாவற்றுக்கும் முழுப் பாதையையும் பிழையின்றித் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

வரைகலை வசதி இல்லாத எழுத்துத் திரையில் மரம் வரைய முடிந்ததற்கு ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பு ஒரு காரணம். அதன் 256 குறிகளுள் நேர்க்கோடு, மூலை, கிளைபிரியும் சந்தி ஆகியவற்றுக்கான கட்டக்கோடுகளும் இருந்தன. அவற்றைக் கோத்து, அச்சிட்ட வரைபடம் போன்ற தோற்றத்தை உண்டாக்க முடிந்தது.

எக்ஸ்ட்ரீ பிற்பாடு எக்ஸ்ட்ரீ புரோ, எக்ஸ்ட்ரீ கோல்டு என வளர்ந்தது. 1993இல் சென்ட்ரல் பாயின்ட் நிறுவனமும், பின்னர் அதன் வழியே சிமாண்டெக் நிறுவனமும் அதைக் கையகப்படுத்திய பிறகு வளர்ச்சி நின்றது. ஆனால் அதன் விசைகளுக்குக் கை பழகிப்போனவர்கள் அதை விடவில்லை. அதே பாணியில் எழுதப்பட்ட ஜிட்ரீவின் அந்தப் பழக்கத்தை விண்டோஸிலும் தொடரச் செய்தது.

அதே காலத்தில் ஜான் சோகா எழுதி 1986இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டர் வேறொரு மரபைத் தொடங்கியது. அதில் இரண்டு கோப்புப் பட்டியல்கள் அருகருகே இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுப்பதே அங்கு மையம். மரம் துணைக் கருவி மட்டுமே.

விண்டோஸில்

1985இல் வந்த விண்டோஸ் 1.0இன் கோப்புக் கருவி பெயர்களை வெறும் பட்டியலாகக் காட்டியது. 1990 மே 22இல் வெளியான விண்டோஸ் 3.0இல் இடம்பெற்ற ஃபைல் மேனேஜர் மரத்தைக் கொண்டுவந்தது. அதில் மரம் ஒரு தனிச் சாளரம்; கோப்பகத்தின் உள்ளடக்கம் வேறொரு சாளரத்தில் திறந்தது. சில நிமிட வேலைக்குள் திரை சாளரங்களால் நிரம்பிவிடும். 1992இன் விண்டோஸ் 3.1, மரத்தையும் கோப்புப் பட்டியலையும் ஒரே சாளரத்தின் இரு பலகங்களாகச் சேர்த்தது. இன்றும் 'இடப்பக்கம் மரம், வலப்பக்கம் உள்ளடக்கம்' என்றதும் பலருடைய நினைவில் எழுவது இந்த அமைப்புதான். ஃபைல் மேனேஜரின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் 2018இல் எம்ஐடி உரிமத்தின் கீழ்த் திறந்து வெளியிட்டது.

1995 ஆகஸ்ட் 24இல் வந்த விண்டோஸ் 95, ஃபைல் மேனேஜருக்குப் பதிலாக எக்ஸ்புளோரரை வைத்தது. அதன் மரம் ஒரு முக்கியமான வகையில் புதிது. முந்தைய மரங்களின் வேர் ஒரு வட்டு. எக்ஸ்புளோரர் மரத்தின் வேர் மேசைத்திரை. அதற்குக் கீழே கணினியின் எல்லா வட்டுகளும், வலையமைப்பும், கட்டுப்பாட்டுப் பலகமும், குப்பைத்தொட்டியும் கிளைகளாயின. வட்டில் எங்கும் கோப்புறையாக இல்லாத பொருள்களும் மரத்தில் இடம்பெற்றன. இதனால் கணினி முழுவதற்கும் ஒரே வரைபடம் கிடைத்தது. அதே வேளையில், பயனர் பார்க்கும் மரத்துக்கும் வட்டில் உள்ள மரத்துக்கும் இடையே விலகலும் தோன்றியது.

விண்டோஸ் 95 இன்னொரு தேர்வையும் முன்வைத்தது. 'மை கம்ப்யூட்டர்' சின்னத்தைத் திறந்தால் மரம் இல்லாத எளிய சாளரம் வரும். எக்ஸ்புளோரரைத் திறந்தால் மரம் வரும். புதியவருக்கு ஒன்று, பழகியவருக்கு மற்றொன்று என்ற இந்தப் பிரிவினை அடுத்தடுத்த பதிப்புகளிலும் தொடர்ந்தது. 2001இன் எக்ஸ்பி, இடப்பலகத்தில் பணிகளின் பட்டியலை வைத்து, மரத்தைக் கருவிப்பட்டையின் ஒரு பொத்தானுக்குப் பின்னால் தள்ளியது. விஸ்டா, விருப்பமான இணைப்புகளை மரத்துக்கு மேலே வைத்தது. கூட்டல், கழித்தல் பெட்டிகளின் இடத்தில், சுட்டி விலகினால் மங்கி மறையும் முக்கோணங்களை இட்டது.

2009இன் விண்டோஸ் 7 செய்த மாற்றம் பழகியவர்களை மிகவும் தொந்தரவு செய்தது. வலப்பலகத்தில் ஒரு கோப்புறைக்குள் சென்றால், மரம் அதைப் பின்தொடர்ந்து விரியாது. இயல்புநிலையில் அது இருந்த இடத்திலேயே நிற்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டுவதே மரத்தின் முதற்பணி என்பதால், இந்த மாற்றம் அதன் பயனில் பாதியை எடுத்துவிட்டது. திறந்த கோப்புறை வரை விரியச் செய்யும் தெரிவு அமைப்புகளில் இருந்தது. பிந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் அது தொடர்கிறது.

மேக்கின்டாஷும் நெக்ஸ்ட்டும்

1984இன் முதல் மேக்கின்டாஷில் கோப்புறைகள் அதன் கோப்பு மேலாளரான ஃபைண்டர் காட்டிய தோற்றம் மட்டுமே. 400 கிலோபைட் வட்டில் கோப்புகள் உண்மையில் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. ஒரு மென்பொருளுக்குள் கோப்பைத் திறக்கப் போனால் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். 20 மெகாபைட் வெளிவட்டுக்காக 1985இல் வந்த எச்எஃப்எஸ் கோப்பு முறைமைதான் உண்மையான படிநிலையைத் தந்தது.

ஒவ்வொரு கோப்புறையும் தனிச் சாளரமாகத் திறப்பதே ஃபைண்டரின் மரபு. 1991இன் சிஸ்டம் 7, பட்டியல் காட்சியில் முக்கோணங்களைச் சேர்த்தது. ஒரு கோப்புறையை அதே பட்டியலுக்குள் விரித்து, அதன் கோப்புகளையும் அங்கேயே பார்க்க முடிந்தது. இது மரக் காட்சியின் வேறொரு வகை: விண்டோஸ் மரம் கோப்புறைகளை மட்டும் காட்டுகிறது, மேக் பட்டியல் கோப்புகளையும் சேர்த்துக் காட்டுகிறது. ஃபைண்டரின் பக்கப்பட்டையில் இன்றுவரை மரம் இடம்பெறவில்லை.

நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளம் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு மட்டமும் ஒரு நெடுவரிசை. ஒன்றில் தேர்ந்தெடுத்தால் அதன் உள்ளடக்கம் வலப்புற வரிசையில் வரும். 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வழியாக இது ஃபைண்டருக்கு வந்தது. நெடுவரிசைக் காட்சி ஒரு பாதையை மிகத் தெளிவாகக் காட்டும். ஆனால் தொலைவிலுள்ள இரண்டு கிளைகளை ஒருசேர விரித்து ஒப்பிட மரமே ஏற்றது.

லினக்ஸில்

லினக்ஸ் உலகில் மரக் காட்சியின் வரலாறு வெளிப்படையான விவாதங்களால் ஆனது. கேடிஇ திட்டத்தின் காங்கரர் மரத்தைப் பக்கப்பட்டையில் வைத்திருந்தது. அதன் பின்வந்த டால்ஃபின், எஃப்7 விசையால் வரவழைக்கும் தனிப் பலகமாக அதைத் தொடர்கிறது. எக்ஸ்எஃப்சிஇயின் துனார், குறுக்குவழிப் பட்டியல், மரம் இரண்டையும் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

நோம் மேசைச்சூழலின் கோப்பு மேலாளரான நாட்டிலஸ் இரு துருவங்களுக்கிடையே பயணித்தது. 2004இல் நோம் 2.6, கோப்புறைக்கொரு சாளரம் என்ற முறையை இயல்புநிலையாக்கியது. 2010இல் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2012இன் 3.6 பதிப்பு பக்கப்பலக மரத்தையும் வேறு சில வசதிகளையும் நீக்கியது. அதே ஆண்டில் லினக்ஸ் மின்ட் குழு பழைய நாட்டிலஸிலிருந்து கிளைபிரித்து நெமோவை உருவாக்கி, மரத்தைத் தக்கவைத்தது. நோம் 2இன் வழிவந்த மாட்டே மேசைச்சூழலின் காஜாவும் அவ்வாறே செய்தது. நாட்டிலஸில் பட்டியலுக்குள் கோப்புறையை விரிக்கும் வசதி 2022இன் 43ஆம் பதிப்பில் இல்லாமல் போய், 2023இன் 44இல் திரும்பி வந்தது.

மரம் மரமாக நிற்பதற்கான விதிகள்

ஒரு கோப்புறைக்கு இரண்டு தாய்க் கோப்புறைகள் இருந்தால், அல்லது ஒரு கோப்புறை தன் மூதாதையையே தனக்குள் கொண்டிருந்தால், விரித்துக்கொண்டே போகும் மரத்துக்கு முடிவு இருக்காது. யூனிக்ஸ் இதனால்தான் கோப்பகங்களுக்கு வன்தொடுப்பு, அதாவது இன்னொரு பெயர், இடச் சாதாரணப் பயனர்களை அனுமதிப்பதில்லை. குறியீட்டுத் தொடுப்புகள் வேறு இடத்தைச் சுட்டும் தனிக் கோப்புகள் என்பதால், கருவிகள் அவற்றை அடையாளம் கண்டு தவிர்க்க முடிகிறது. விஸ்டாவில், பழைய மென்பொருள்களின் வசதிக்காக இடப்பட்ட சில இணைப்புகள் தம் தாய்க் கோப்புறையையே சுட்டின. அவற்றின் உள்ளே பட்டியலிட முடியாதபடி அனுமதி மறுத்துத்தான் முடிவில்லாச் சுழல் தடுக்கப்பட்டது.

மாற்று வடிவங்கள்

1990களின் தொடக்கத்தில் மரத்தை வேறு உருவில் காட்ட ஆய்வாளர்கள் முனைந்தனர். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட்சன், மக்கின்லே, கார்டு ஆகியோர் 1991இல் கூம்பு வடிவ முப்பரிமாண மரத்தை வெளியிட்டனர். சிலிக்கன் கிராஃபிக்ஸின் எஃப்எஸ்என், கோப்பகங்களை நிலப்பரப்பில் நிற்கும் மேடைகளாகக் காட்டியது. 1993இன் 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தில் இது தோன்றுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் உருவாக்கிய மரப்படம், வட்டின் இடத்தை அளவுக்கேற்ற செவ்வகங்களாகப் பிரித்தது. இவற்றுள் நிலைத்தது மரப்படம். வட்டை எந்தக் கோப்புகள் நிரப்பியுள்ளன என்று காட்டும் கருவிகளில் அது இன்றும் பயன்படுகிறது.

தேடலும் மரமும்

2000களில், கோப்புறைகளின் இடத்தைத் தேடல் பிடித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. கூகுள் டெஸ்க்டாப் 2004இலும், ஆப்பிளின் ஸ்பாட்லைட் 2005இலும் வந்தன. கோப்புகளைத் தரவுத்தளமாகக் கையாள மைக்ரோசாஃப்ட் திட்டமிட்ட வின்எஃப்எஸ் 2006இல் கைவிடப்பட்டது. 1995இல் டெபோரா பேரோவும் போனி நார்டியும் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் கோப்புகளைத் தேடுவதைவிட வைத்த இடத்துக்குச் சென்று எடுப்பதையே விரும்புவதாகக் காட்டியது. தேடல் கருவிகள் மேம்பட்ட பிறகும் இந்த விருப்பம் பெரிதாகக் குறையவில்லை என்று ஓஃபர் பெர்க்மனும் உடனாய்வாளர்களும் 2008இல் கண்டனர். தேடலுக்குப் பெயரோ உள்ளே உள்ள ஒரு சொல்லோ நினைவில் இருக்க வேண்டும். செல்வதற்கு இடம் நினைவிருந்தால் போதும்.

இன்றைய நிலை

கைபேசிகள் கோப்புறைகளைப் பெரும்பாலும் பார்வையிலிருந்து அகற்றிவிட்டன. ஐஃபோனில் கோப்புகளுக்கான தனிச் செயலியே 2017இல்தான் வந்தது. மறுபுறம், நிரல் எழுதுவோரின் கருவிகளில் மரம் முன்னெப்போதையும்விட உறுதியாக நிற்கிறது. 2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் தன் இடப்பக்கத்தில் திட்டக் கோப்புறைகளை மரமாகவே காட்டுகிறது.

மரக் காட்சி நீடிப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமாகாது. ஒரு கோப்புறையின் தாய், உடன்பிறப்புகள், பிள்ளைகள் மூன்றையும் ஒரே பார்வையில் தருவதும், இருக்கும் இடத்தை விட்டு விலகாமல் தொலைவிலுள்ள கிளைக்குக் கோப்பை இழுத்துச் சேர்க்க விடுவதும் இதன் தனித்திறன்கள். ஆண்டுக்கணக்கான ஆவணங்களையும் படங்களையும் தன் பொறுப்பில் ஒழுங்குபடுத்தி வைப்பவருக்கு, எது எங்கே இருக்கிறது என்பதோடு, எதற்கு எங்கே இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதையும் இது காட்டுகிறது. தான் அமைத்த ஒழுங்கைத் தானே பார்த்துத் திருத்தும் உரிமையைப் பயனருக்கு இது தருகிறது. கோப்புறைகளை மறைக்கும் வடிவமைப்புகள் எவ்வளவு எளிதாக இருந்தாலும், அந்த உரிமைக்கு ஈடான ஒன்றை இதுவரை தந்ததில்லை.