பெயர் விடுபட்ட வரிகள்: முதல் ராப் வெற்றிப் பாடலின் வரலாறு

1979 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் நகரிலிருந்து பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. பாடலின் பெயர் ‘ராப்பர்ஸ் டிலைட்’. பாடியோர் ‘ஷுகர்ஹில் கேங்’ என்னும் மூவர் குழுவினர். வானொலியில் மூன்று, நான்கு நிமிடப் பாடல்களே ஒலித்துவந்த காலத்தில் இதன் முழு வடிவம் பதினான்கு நிமிடங்களுக்கும் மேல் நீண்டது. பாட்டாக இசைக்கப்படாமல் தாளத்தின் மீது பேச்சாகவே நிகழ்ந்த இப்பதிவு, 1980 ஜனவரியில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 36ஆம் இடத்தை எட்டியது. பிரிட்டனில் 3ஆம் இடம், கனடாவில் முதலிடம். பட்டியலின் முதல் நாற்பது இடங்களுக்குள் நுழைந்த முதல் ராப் பதிவு என்று இதனை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவ்வெற்றியைத் தந்த வரிகளுள் ஒரு பகுதி யாருடையது என்னும் வினா இன்றுவரை தொடர்கிறது.

இதனைப் புரிந்துகொள்ள ஆறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்ந்த விருந்தே ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. விருந்தை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்ப்பெல். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல் என்னும் கூல் ஹெர்க். பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுவோர் கிளர்ச்சியுறுவதை அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரு படிகளை இரண்டு கருவிகளில் மாறி மாறி ஓட்டி அச்சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். அத்தாளத்தின் மீது ஒலிவாங்கியைப் பிடித்து எதுகை நயத்துடன் பேசுவோர் எம்.சி. எனப்பட்டனர். விரைவுச்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டும், தீக்கிரையாகியும் சிதைந்திருந்த அப்பகுதியில், கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க இளைஞர் பெரும் முதலீடின்றி உருவாக்கிய கலை இது.

இக்கலைக்கு அன்று ஏடு இல்லை. பதிவு என்றால் கைக்குக் கை மாறிய ஒலிநாடாக்கள் மட்டுமே. ஆனால் ஒழுக்கநெறி இருந்தது. பிறர் வரியைத் தன் வரியாக உரைப்பதைக் ‘கடித்தல்’ என்று இகழ்ந்தனர். எந்த வரி எவருடையது என்பதை ஒவ்வொரு வாரமும் கூடும் கூட்டம் அறிந்திருந்தது. திருடியவனை மேடையிலேயே நகைத்து விரட்டியது. நீதிமன்றமும் பதிவேடும் செய்யும் வேலையை அங்கே கேட்போரின் நினைவே செய்தது எனலாம்.

இக்கலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் சில்வியா ராபின்சன். 1950களில் ‘மிக்கி அண்ட் சில்வியா’ இணையராகப் புகழ்பெற்ற பாடகியான அவர், கணவர் ஜோ ராபின்சனுடன் இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்தார். 1979இல் ஹார்லெமின் கேளிக்கை விடுதி ஒன்றில், எம்.சி. ஒருவரின் சொற்களுக்குக் கூட்டம் மறுமொழி கூறி ஆர்ப்பரிப்பதைக் கண்டதும் இதன் விற்பனை வாய்ப்பு அவருக்குப் புலப்பட்டது. பிராங்க்ஸின் பெயர்பெற்ற கலைஞர் பலருக்கு அப்போது பதிவில் ஆர்வமில்லை. இரவெல்லாம் நீளும் நிகழ்வு ஒரு தட்டுக்குள் எப்படி அடங்கும் என்பதே அவர்களது ஐயம். ஆகவே தம் ஊரான எங்கிள்வுட்டிலேயே சில்வியா ஆள் தேடினார்.

அங்கே பீட்சாக் கடையில் வேலைசெய்த ஹென்றி ஜாக்சன் அகப்பட்டார். ‘பிக் பேங்க் ஹேங்க்’ எனப்பட்ட இவர் எம்.சி. அல்லர், பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்னும் கர்ட்டிஸ் பிரவுனின் நிகழ்ச்சி மேலாளர். மாவு பிசையும்போது காஸின் ஒலிநாடாவுக்கு இணையாக வாயசைத்துப் பாடியதே அவருக்கு வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. வரிகள் வேண்டுமென ஹேங்க் கேட்டபோது தம் குறிப்பேட்டையே கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னதாகக் காஸ் பின்னர் பேட்டிகளில் கூறியுள்ளார். அப்பதிவு உலகெங்கும் ஒலிக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. காஸின் முந்தைய மேடைப்பெயர் ‘காசனோவா ஃப்ளை’. தன் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்து அவர் அமைத்திருந்த வரியை ஹேங்க் மாற்றாமல் அப்படியே உரைத்தார். கீர்த்தனையில் முத்திரையைப் போல, படைத்தவரின் பெயர் பாடலுக்குள்ளேயே பதிந்துவிட்டது. பிராங்க்ஸில் அதைக் கேட்டோர் உடனே புரிந்துகொண்டனர். டொராண்டோவிலும் லண்டனிலும் கேட்டோருக்கு அது பொருளற்ற எழுத்துக் கோவையாகவே ஒலித்திருக்கும்.

பாடலின் தாளமும் இரவலே. 1979 ஆகஸ்டில் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘குட் டைம்ஸ்’ பாடலின் பேஸ் கிடார் இசையை ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைக்கலைஞர் மீண்டும் வாசித்தனர். அதனை இயற்றிய ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் தற்செயலாக அதைக் கேட்டார். அவரும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தனர், நிறுவனம் இணங்கியது. இருவரின் பெயர்களும் பாடலாசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன. காஸின் பெயர் சேரவில்லை. தமக்கு ஊதியம் எதுவும் வரவில்லை என்று அவர் பலமுறை கூறியுள்ளார்.

இவ்வேறுபாட்டுக்குச் சட்டத்தை மட்டும் குறைகூற இயலாது. 1978 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு தாளில் எழுதப்பட்ட கணமே உரிமை பிறந்துவிடுகிறது. காஸின் குறிப்பேட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் உரிமை இருப்பது வேறு. அதைக் கேட்டுப் பெறும் வலிமை இருப்பது வேறு. ராட்ஜர்ஸுக்கும் எட்வர்ட்ஸுக்கும் வெளிவந்த இசைத்தட்டு, பட்டியலில் முதலிடம், வழக்குரைஞர் ஆகிய மூன்றும் துணைநின்றன. இருபது வயதையும் எட்டாத காஸிடம் இருந்தது ஒரு குறிப்பேடும், அவரை அறிந்த சில தெருக்களின் நினைவும். பாடல் அத்தெருக்களைக் கடந்து சென்றதும் அந்நினைவின் காவல் முடிந்தது.

சில்வியாவின் துணிவு இல்லையேல் ஹிப்-ஹாப் பிராங்க்ஸைக் கடக்க மேலும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இவ்வெற்றிக்குப் பின்னரே பிற நிறுவனங்களும் ராப் கலைஞரை நாடின. அதே நிறுவனம் 1982இல் வெளியிட்ட ‘தி மெசேஜ்’, நகர்ப்புற வறுமையைப் பேசி இக்கலையின் போக்கையே மாற்றியது. ‘ராப்பர்ஸ் டிலைட்’ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டில் சில்வியாவும் 2014இல் ஹேங்க்கும் மறைந்தனர்.

காஸ் தம் சொந்தக் குழுவான ‘கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ்’ வாயிலாக ஹிப்-ஹாப் உலகில் பெருமதிப்புப் பெற்றார். பிற்காலத்தில் அக்கலை பிறந்த தெருக்களைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் பணியையும் மேற்கொண்டார். இசைத்தட்டின் உறையில் இல்லாத பெயரை அறிய விரும்புவோர், இன்றும் அப்பாடலில் ஹேங்க்கின் பகுதியைக் கூர்ந்து கேட்டால் போதும்.