காகிதச் சீட்டிலிருந்து படிப்புக் குறியீடு வரை

இணையப் படிப்புகளுக்கான கூப்பன் குறியீடு காகிதச் சீட்டின் வழித்தோன்றல். 1887-இல் அமெரிக்காவில் கோகோ கோலா பானத்துக்காக வழங்கப்பட்ட இலவசச் சீட்டு அதன் முன்னோடிகளுள் ஒன்று. 2010-இல் தொடங்கிய யுடெமி தளத்தில் பாடம் நடத்துவோரே குறியீடுகளை உருவாக்கிப் பகிர்ந்தனர். சில எழுத்துகளும் எண்களும் சேர்ந்த குறியீட்டை உள்ளிட்டால் கட்டணம் குறையும். சில வேளை முழுவதும் நீங்கும். புதிய படிப்புக்கு முதல் மாணவர்களைத் திரட்ட இது ஓர் எளிய வழி.

இந்தியாவில் இந்த விற்பனை உத்திக்குச் சமூக நோக்கமும் சேர்ந்தது. 2019-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ‘நீட்’ என்ற கல்வித் தொழில்நுட்பக் கூட்டணியை அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்பெயர் மருத்துவ நுழைவுத்தேர்வையே நினைவூட்டும், இது வேறு. இதில் சேரும் நிறுவனங்கள் மொத்தப் பதிவில் 25 விழுக்காட்டு அளவுக்கு நலிந்த பிரிவு மாணவர்களுக்கு இலவசக் கூப்பன் தர வேண்டும். 2022 ஜனவரியில், 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுமார் 253 கோடி ரூபாய் மதிப்புள்ள கூப்பன்களைப் பெற்றதாக அரசு அறிவித்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் போன்ற ஊர்களின் மாணவருக்குக் கட்டணம் மட்டும் தடையல்ல. இப்படியொரு சலுகை இருப்பது தெரிய வருவதே அரிது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கிராமத்து மாணவருக்கு அதுவே உறுதியான வழி.